வள்ளியின் தினைப்புனம் யாருடையது?

கந்தபுராணத்தின் இறுதிப் படலமான வள்ளியம்மை திருமணப் படலத்தைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். வேடுவர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழியிலே பெண் குழந்தையொன்று கிடக்கிறது. வேடர் தலைவன் நம்பி அதனைக் கண்டெடுத்து வளர்க்கிறான். வளர்ந்த மகள் குல வழக்கப்படி தினைப்புனம் காக்கப் பரணேறுகிறாள். அங்கேதான் முருகன் வருகிறான். கச்சியப்பர் இக்கதையைத் தொண்டைநாட்டு வள்ளிமலைச் சாரலிலே வைத்துப் பாடினாராயினும், ஈழத்தின் கீழைக்கரை மக்களுக்கு இது கதிர்காமத்துக் கதையாகும். திருக்கோவில் சித்திரவேலாயுதர் சந்நிதியைத் தொழுது, கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை, குமனை எனக் கரையும் காடுமாக நடந்து செல்லும் யாத்திரிகர், தாம் வள்ளியின் நாட்டுக்குச் செல்வதாகவே எண்ணுகின்றனர். மட்டக்களப்புப் பிரதேசத்துத் திருப்படைக் கோயில்களாகிய திருக்கோவில், மண்டூர் என்பன பற்றி வழங்கும் கதைகளிலும் வேடர் வருகின்றனர். வேலை முதலில் வழிபட்டோர் அவர்களே என்பது கரையின் நம்பிக்கை.

இக்கட்டுரை அக்கதையின் பத்திச் சுவையையோ அகத்திணை மரபையோ ஆராயப் புகவில்லை. அதிலே எவரும் கேளாத ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வள்ளி காத்த தினைப்புனம் யாருடைய காணி?

வினா வேடிக்கையானதாகத் தோன்றலாம். புராணத்தில் இதற்கு விடையில்லை, விடை வேண்டப்படவுமில்லை. காட்டை வெட்டிச் சுட்டு, சாம்பரிலே தினை விதைத்து, ஒன்றிரண்டு போகத்தின் பின் அப்புனத்தைக் காட்டுக்கே விட்டு வேறிடம் செல்லும் பயிர்ச்செய்கை அது. இன்று நாம் சேனை என்று வழங்குவதும் அதுவே. நம்பியின் குலத்தார் அங்கே வாழ்ந்தனர், உழைத்தனர். எனவே புனம் அவர்களுடையது. புலவர் அதனைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சொல்லாமலே விளங்கிய அவ்வுரிமை, பிற்காலத்தில் ஒரு சட்ட வாசகத்தினால் இல்லாமற் போயிற்று. அந்த வாசகத்தை ஓர் இலக்கியப் பனுவலைப் படிப்பதுபோற் படித்துப் பார்த்தல் பயனுடைத்து என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டமே நாம் கருதுவது. ஆளுநர் ஸ்ருவர்ட் மக்கென்சியின் காலத்திலே, கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் விரைந்து பரவிய வேளையிலே, அது நிறைவேறியது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு முடியின் காணி விற்கப்பட்ட காலம் அது. விற்பதற்கு முதலில் காணி முடியுடையதாக வேண்டும். அதன் 6ஆம் பிரிவின் சாரம் இதுதான்: காடாகவும் பாழாகவும், எவரும் குடியிராமலும் பயிரிடாமலும் கிடக்கும் நிலமனைத்தும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதெனக் கொள்ளப்படும். சேனை நிலத்துக்குத் தனியாகவே விதி கூறப்பட்டது. கண்டிப் பகுதிகளிலே, சன்னசு முதலிய சான்று காட்டாதவிடத்து, அது முடிக்குரியது. ஏனைய பகுதிகளிலே, பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடத்தக்க நிலம் காடு அல்லது பாழ் நிலமாகவே கருதப்படும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கைக்குச் சென்றிருந்த நமது கரை இரண்டாவது வகையைச் சார்ந்தது. உள்ளே விந்தனைக் காடு முதலாவது வகை. எவ்வகையிற் பார்த்தாலும் வள்ளியின் புனம் பாழ் நிலம், நம்பி அத்துமீறியவன்.

இவ்வாசகத்தில் இரு நுட்பங்கள் உள. முதலாவது, நிரூபிக்கும் பொறுப்பை அது இடம் மாற்றியமை. காடு தன்னுடையதென அரசு எதையும் காட்ட வேண்டியதில்லை. அங்கே பிறந்தவனே தன்னுடையதெனக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு எழுத்து வேண்டும். ஈழத்து வழக்கிலே நிலப் பத்திரத்தை ‘உறுதி’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் எழுத்தில்லாதவனுக்கு உறுதியே இல்லை என்னும் பொருளையும் அது தன்னுள் வைத்திருக்கிறது. இரண்டாவது நுட்பம், ‘பாழ்’ என்ற சொல் ஒரு வருணனை போலத் தோன்றி உண்மையில் ஒரு தீர்ப்பாக அமைவது. நிலத்தைப் பார்த்து அது பாழ் என்று சொல்லப்படவில்லை. சேனை செய்வோர் ஓய்வுக்கு விட்ட நிலம் மீண்டும் வளம் பெறுவதற்காக விடப்பட்டது. அந்த ஓய்வே உழவின் பகுதி. அதனைப் பாழ் என்றழைத்ததும், ஓய்வு உரிமையின்மைக்குச் சான்றாகிவிட்டது.

தமிழிலக்கண மரபிலே இத்தகைய நிலம் ஒன்றில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தைக் கருப்பொருளோடு சேர்த்தே வகுக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் என அடுக்கும்போது, அந்நிலத்து மாந்தரின் ஊணும் தொழிலும் நிலத்தின் இலக்கணமாகவே அமைந்துவிடுகின்றன. வெம்மையால் திரிந்த பாலைக்குங்கூட எயினர் என்னும் மக்களை மரபு வைத்தது. ஆளில்லா நிலம் என்று ஒன்றை வகுக்க அப்புலவர்களால் இயலவில்லை.

இவ்விடத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொள்வது எளிது. நமது இலக்கியக் கழகங்களின் மேடைகளில் அது பலமுறை நடந்தும் இருக்கிறது. ஆனால் அதே மரபிலே பட்டினப்பாலையும் உண்டு. காட்டை அழித்து நாடாக்கியதும் குளந்தொட்டு வளம் பெருக்கியதும் கரிகாலனின் பெரும்புகழாக அங்கே போற்றப்படுகின்றன. அழிந்த காட்டிலே யார் இருந்தனர் என்று உருத்திரங்கண்ணனார் கேட்கவில்லை. அரசு நிலத்தைத் திருத்தும்போது அங்கிருந்தோர் புலவனின் கண்ணுக்குத் தெரியாமற் போவது வெள்ளையரோடு வந்த நோயன்று. நம்மிடமும் அது பழையது. திணைக்கோட்பாட்டைத் தூக்கிப் பிடிப்போர் இதனையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

சட்ட வாசகத்தின் விளைவை இலக்கியத்திலே மிகக் கூர்மையாகக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர் என்பது நமக்குச் சற்றுக் கூச்சந்தரும் உண்மை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், 1913இல் ‘காட்டிலுள்ள கிராமம்’ எனப் பொருள்படும் நாவலை வெளியிட்டார். பெத்தகம என்னும் சேனைக் கிராமம். சிலிந்து என்னும் வேட்டைக்காரன். அவனுடைய இரு பெண்மக்கள். சேனை வெட்ட அரசின் அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்குக் கிராமத் தலைவன் பபெஹாமியின் தயவு வேண்டும். தலைவனின் பகைக்கு ஆளான சிலிந்துவின் குடும்பம் அச்சீட்டை இழக்கிறது. அவ்விழப்பிலிருந்தே பசியும், கடனும், பொய்வழக்கும், கொலையும் ஒன்றன்பின் ஒன்றாக விளைகின்றன. இறுதியிற் காடு கிராமத்தையே விழுங்கிவிடுகிறது.

நாவலின் ஆற்றலைப் பலர் பாராட்டியுள்ளனர். அதன் குறையொன்றை இங்கே சொல்ல வேண்டும். வூல்ஃப் காட்டைத் தீமையின் உருவாகவே தொடக்கத்திலிருந்து காட்டுகிறார். படிப்பவர் மனத்திலே, ஊரை அழித்தது காடு என்ற எண்ணமே இறுதியில் நிற்கிறது. ஆனால் கதையின் நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஊரை அழித்தது காடன்று, அனுமதிச்சீட்டு. காடு, ஊர் அழிந்த பின்னரே வருகிறது. தம் கையாலேயே அச்சீட்டு நிருவாகத்தை நடத்தியவர் வூல்ஃப். அதன் கொடுமையை நேர்மையாகக் கண்டார். கண்டதைச் சொல்லும்போது பழியை இயற்கையின் மீதும் விதியின் மீதும் ஏற்றிவிட்டார். கலைஞன் கண்டதை அதிகாரி மறைத்தான் என்று கூறுவது சற்று மிகையாகலாம். எனினும் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் இருந்தனர் என்பதை மறுக்க இயலாது. சிலிந்துவின் காட்டிலிருந்து வடகிழக்காக நடந்தால் பாணமையும் பொத்துவிலும் திருக்கோவிலும் வந்துவிடும். அத்தகைய நாவலொன்று இக்கரையிலிருந்து தமிழில் எழுந்திருக்கக்கூடாதா என்னும் ஏக்கம் நமக்கு உண்டு.

சுதந்திர இலங்கையில் முடி போயிற்று. முடிக்குரிய காணி அரச காணியாயிற்று. 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தாற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமொன்று அணையைக் கட்டிற்று. சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. பட்டிப்பளை ஆறென்று கீழே நாம் அறிந்த ஆற்றின் தண்ணீர் புதிய வயல்களுக்குப் பாய்ந்தது. தீவின் பல பகுதிகளிலிருந்து குடியேற்றவாசிகள் கொணரப்பட்டனர். 1956 யூனில் அக்குடியேற்றத்திலே தமிழர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இவை நமது அரசியற் கட்டுரைகளிலே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டவை, எழுதப்பட வேண்டியவையே.

ஆனால் அச்சமுத்திரத்தின் அடியிலும் அதனைச் சூழ்ந்த காட்டிலும் யாருடைய வேட்டை நிலமும் தேன் மலையும் இருந்தன? ஹெனபெத்த, தனிகல ஆகிய இடங்களின் வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட பெருநூலிலே விரிவாகக் காணலாம். அதே நூலிலே தமிழ் பேசும் கரையோர வேடரைப் பற்றியும் ஓர் அதிகாரம் உண்டு. கல்லோயாத் திட்டம் அந்த உள்நாட்டு வேடரைச் சிதறடித்தது. எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இரத்துகலையில் இன்றும் வாழ்கின்றனர். குடித்தொகை விகிதம் எவ்வாறு மாறியது என்பதை நாம் பத்திபத்தியாக எழுதினோம். வேடருக்கு நேர்ந்ததை அடைப்புக்குறிக்குள்ளும் எழுதவில்லை. தலவரலாற்றிலே முதல் வழிபாட்டுரிமை தந்தோருக்கு, காணி வரலாற்றிலே ஒரு வரியையும் நாம் தரவில்லை. மட்டக்களப்புப் பிரதேசத்துத் தமிழ் எழுத்தின் மீது இக்கட்டுரை வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுவே; இதிலிருந்து இக்கட்டுரையாளரும் விலகி நிற்கவில்லை. மாணவப் பருவத்தில் குடியேற்றம் பற்றி எழுதிய கட்டுரையொன்றைப் பல ஆண்டுகளின் பின் எடுத்துப் பார்த்தபோது, ‘வேடர்’ என்னும் சொல் அதில் ஒரேயொரு முறை, அதுவும் கோயிற் கதையைச் சொல்லுமிடத்திலே வந்திருந்தது.

இரண்டாம் அலை மகாவலியோடு வந்தது. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானைப் பகுதி வேடர் பலர் ஹெனானிகலை முதலிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். காடு காக்கப்படுவதற்காகக் காட்டிலே வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். முதிய தலைவர் ஊருவரிகே திசாஹாமி செல்ல மறுத்து, 1998இல் இறக்கும்வரை கோட்டபக்கினியிலேயே இருந்தார். அவர் மகன் வன்னிலா அத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். வேட்டையாடுதல் குற்றம், தேனெடுக்கச் சீட்டு வேண்டும் என்னும் நிலையில், வன்னியலெத்தோ, அதாவது காட்டு மக்கள், என்று தம்மை அழைத்துக்கொள்வோர் காட்டுக்கு அயலாராயினர்.

இனிக் கரைக்கு வருவோம். கல்முனை முதல் பொத்துவில் வரை தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி அமைந்த நெடுங்கரை இது. இரு சாராருக்கும் பொதுவாக ஒரு பழைய வழமை உண்டு. குடி தாய்வழியே வரும். வீடும் வளவும், இயலுமாயின் வயற்காணியும், மகளுக்குச் சீதனமாகும். மகன் மணமுடித்து மனைவி வீட்டுக்குச் செல்வான். மொழியும் மண்ணும் போல இவ்வழமையும் நம்மைப் பிணைத்துள்ளது. முக்குவர் சட்டம் என்று அறியப்பட்ட வாரிசு முறையைப் பிறிற்றோ தொகுத்து நூலாக்கியதும் 1876. அவ்வாண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்ததும் 1876. தொகுத்த கை காயுமுன்பே சட்டம் பழங்கதையாயிற்று.

பின்னர் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி அரசு தரும் ஒப்பக் காணிக்குப் பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிடின், மகளுக்கு முன் மகனும், இளையவனுக்கு முன் மூத்தவனும் உரியர் என அதன் அட்டவணை வகுத்தது. ஆண் பெண் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் நிறைவேறியது. மகளுக்கே நிலம் என்று வாழ்ந்த கரையிலே, மகனுக்கே நிலம் என்ற சட்டம் எண்பதாண்டுக்கு மேல் இருந்தது. இதனைப் பற்றித் தமிழ் அரசியலும் முஸ்லிம் அரசியலும் உரத்துப் பேசியதாக நினைவில்லை. எவ்வளவு நிலம் யாருக்குப் போயிற்று என்பது பேசப்பட்டது. நிலம் எந்த விதியின்கீழ் வந்தது என்பது பேசப்படவில்லை.

போர் ஆண்டுகளிலே திருக்கோவிலின் மேற்குப் பக்கத்துச் சிற்றூர்களை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தனர். வயல் வெளியிலே பற்றை வளர்ந்தது, பற்றை காடாயிற்று. இடையிலே 2001இல் வெளியான 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்கப்படாத ஏனைய அரச காடுகளையும் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டு, அக்காடுகள் மாவட்ட, பிரதேச செயலாளர்களின் நிருவாகத்துக்கு மீண்டன. அக்காடுகளுக்கு வழங்கிய பெயர் ‘எஞ்சிய காடு’ என்பதாகும். 1840இற் பாழ், 2001இல் எஞ்சியது. சொல் மாறினாலும் இலக்கணம் மாறவில்லை. இரண்டுமே மனிதரைச் சொல்லாமல் நிலத்தைச் சொல்லுகின்றன. நெற்காணி என்று செய்கையாளரும், மேய்ச்சற்றரை என்று கால்நடை வளர்ப்போரும், வன ஒதுக்கென்று அரசும் உரிமை கூறும் வட்டமடுவின் வழக்கு இந்நிலையிலிருந்து பிறந்தது. அங்கே உழவனும் மாட்டுக்காரனும் ஒருவரையொருவர் முறைத்து நிற்கின்றனர்; எல்லைக்கல்லை நட்டவர் அவ்விருவரின் பார்வைக்கு வெளியே நிற்கிறார். பாணமையிலே 2010இல் இராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டோர் பெரும்பாலும் சிங்களம் பேசுவோர். 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவொன்று அவர்களுக்குச் சார்பாக வந்தபோதும், நிலத்திற் காலூன்ற அவர்கள் பின்னரும் போராட வேண்டியிருந்தது. ஒரு சாராருக்கு மட்டும் உரிய துயரமாக இதனை எழுதுவது வசதியானது. உண்மைக்கு அது போதாது.

அண்மை ஆண்டுகளிலே திருக்கோவிலுக்குப் புதிய சொல்லொன்று வந்து சேர்ந்திருக்கிறது: இல்மனைற். கடற்கரையிலே அலை விட்டுச்சென்ற கருமணற் கோடுகளைச் சிறுவயதில் நாம் காலால் அளைந்திருக்கிறோம். இரும்பும் தைத்தானியமும் கலந்த தாதுப்பொருள் அது. வெண்மணலினும் பாரமானதாகையால் அலை அதனைப் பிரித்து ஒதுக்குகிறது. வெண்ணிறப் பூச்சுக்கான மூலப்பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. அதனை அகழும் முயற்சியை எதிர்த்துத் திருக்கோவில், தம்பிலுவில், விநாயகபுரம் மக்கள் வீதிக்கு இறங்கியுள்ளனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையிலேயே மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலே நேர்ந்தது. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனைக் கண்ட மக்களுக்கு மணல்மேடு வெறும் மணல்மேடன்று. யாலையில் விருந்தினர் விடுதியொன்று கடல் தெரிவதற்காக மணல்மேட்டைத் தாழ்த்தியிருந்த இடத்திலே அலை பெருநாசம் செய்ததை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். கரைவலைத் தோணி இழுத்து வைப்பதும், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் திரள்வதும் அதே மணலிலேதான்.

சட்டம் என்ன கூறுகிறது? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, மண் யாருடையதாயினும் அதனுள் உள்ள கனியம் குடியரசினுடையது. உரிமம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். 1840இலே மேற்பரப்பு, 1992இலே அடிப்பரப்பு. வேடனுக்கு நேர்ந்தது, கரைவாசிக்கு இன்னொரு படியிறங்கி நேர்கிறது. உறுதியுள்ளவனுக்கும் அடிநிலம் உறுதியில்லை.

எதிர்வாதத்தைக் கேளாது விடுதல் திறனாய்வுக்கு அழகன்று. கனியம் நாட்டுப் பொதுச் சொத்தாக இல்லாவிடின் அது காசுள்ளவனின் சொத்தாகும் என்பர். அதில் உண்மையுண்டு. புல்மோட்டைக் கருமணலுக்காக 1957இற் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டபோது இருந்த நோக்கமும் அதுவே. தனியார் கொள்ளையை விட அரசுடைமை மேல் என்பதை இக்கட்டுரையாளர் இன்றும் ஏற்கிறார். ஆனால் அரசுடைமை என்பது பாதுகாவலனின் உடைமை; பாதுகாவலன் கணக்குக் காட்ட வேண்டியவன். பெரும்பகுதி மூலப்பொருளாகவே கப்பலேறிய அம்மணலினாற் புல்மோட்டை என்ன பெற்றது என்பதைப் புல்மோட்டைக்குச் சென்று பார்க்கலாம். மேலும், அரசுக்குரியது என்று எடுத்த கனியத்தை அரசே தனியாருக்கு உரிமமாக வழங்கும்போது, பொதுச் சொத்து என்னும் வாதம் எங்கே நிற்கிறது? எனவே சிக்கல் அரசு உடையதா, இல்லையா என்பதிலன்று. அங்கு வாழ்வோர் வேண்டாமென்று சொன்னால் அச்சொல்லுக்குச் சட்டத்திலே இடமுண்டா என்பதிலேதான் இருக்கிறது.

அத்தகைய இடம் உலகில் இல்லாத ஒன்றன்று. 1989இல் சர்வதேசத் தொழிலமைப்பு ஏற்ற 169ஆம் இலக்க உடன்பாடு, கனியம் அரசுக்குரியதாயினும், அகழுமுன் ஆதிக்குடிகளைக் கலந்து பேச வேண்டும் என்கிறது; இலங்கை அதனை ஏற்றுறுதி செய்யவில்லை. 2007இல் ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கைதூக்குவது எளிது. ஒரிசாவின் நியம்கிரி மலையிலே பொக்சைற் அகழ்வு பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில், முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. மலையைத் தெய்வமாக வணங்கும் டொங்கிரியா கோந்தர் வாழும் பன்னிரண்டு கிராமங்களின் சபைகளும் ஒன்றின்பின் ஒன்றாகக் கூடி, வேண்டாம் என்றன. மலை இன்னும் நிற்கிறது. அங்கே நீதிமன்றம் கேட்டது நிலப்பத்திரத்தையன்று, ஊரின் சொல்லை. நமது நாட்டிலோ, 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் கூறிய தேசியக் காணி ஆணைக்குழுகூட அமைக்கப்படவில்லை.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். திருக்கோவிலார் ஆதிக்குடிகளா என்று ஒருவர் கேட்கலாம். ‘நாமே மண்ணின் மைந்தர்’ என்று மேடையில் முழங்குவதால் அவ்வினா தீராது. அம்முழக்கத்தை எல்லாச் சாராரும் ஒருவருக்கெதிராக ஒருவர் முழங்கி வந்துள்ளோம். தனிகலை வேடரின் வரலாறும் திருக்கோவில் மீனவரின் வரலாறும் அக்கரைப்பற்று உழவரின் வரலாறும் ஒன்றல்ல. முந்திய உரிமை வேடருடையது. அதனைக் கடன் வாங்கி நம்முடையதாக்குதல் இரண்டாம் முறை பறிப்பதாகும். அவர்களுடைய வழக்கு வெல்லாமல் நம்முடைய வழக்கு வெல்லாது என்பதே உறவு. ஏனெனில், இரண்டையும் தோற்கடிப்பது ஒரே வாசகம்.

அவர்களின் வழக்கு இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. மகா ஓயாப் பக்கத்திலே பொல்லெபெத்த, இறம்பக்கன் ஓயாக் காடுகள் சோளச் செய்கைக்காக வெட்டப்பட்டபோது, வன்னிலா அத்தோவும் சூழல் நீதிக்கான அமைப்பொன்றும் 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். திருக்கோவிலில் இல்மனைற்றுக்கு எதிராகக் கூடியோருள் எத்தனை பேர் அவ்வழக்கை அறிந்திருந்தனர்? பொல்லெபெத்தைக்குத் திருக்கோவில் தெரியுமா? பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கதிர்காமத்துக்கும் வள்ளிக்கும் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. அம்மலர்களில் ஏதேனுமொன்று, வேடரின் வாய்மொழியிலே அவர்களின் காணி எல்லையைக் கேட்டெழுதி வெளியிடுமாயின், நமது நாட்டாரியல் ஆய்வு முதன்முறையாக ஒரு நீதிமன்றத்திலே பயன்படும்.

கதிர்காம யாத்திரை இப்பொழுதும் நடக்கிறது. திருக்கோவிலைக் கடந்து வருவோர் உகந்தையிலே தங்குகின்றனர். அதற்கப்பால் குமனைத் தேசிய வனம். காட்டுப் பாதை திறக்கும் நாளையும் மூடும் நாளையும் அதிகாரிகள் கூடி ஒவ்வோராண்டும் தீர்மானிக்கின்றனர். திகதிக்கு முன் வந்தோர், பச்சை வேட்டியும் வேலுமாக, கோயில் மண்டபத்திலும் மரநிழலிலும் சமைத்துண்டு காத்திருக்கின்றனர். பெயர் பதியப்பட்டு, வாயில் திறந்த பின்னரே, அவர்கள் வள்ளியின் காட்டினுள் நுழைகின்றனர்.